சந்தேகம் என்றால் என்ஜி

போன ஆண்டு இறுதியில், பள்ளி விடுமுறை தொடங்கிய வாரம், ஒரு சனிக்கிழமை காலை, மலேசியாவின் ஜொகூரில், செனாய் தொழிற்பேட்டைக்குப் பின்னாலிருக்கும் பூப்பந்து மண்டபத்தில் இது நடந்தது. அன்று நான் வாய் திறந்து ஒரே ஒரு சொல் சொன்னேன். அதனால் எனக்கு ஒரு கோப்பை கிடைத்தது. நாற்பது பேருக்கு மதியச் சாப்பாட்டில் கோழி கிடைக்காமல் போனது. அதைச் சரிசெய்யப் பதினோரு நாள் ஆயிற்று.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அந்தச் சொல் புரியாது.

நான் பத்து பாகாட்டில் பிறந்து வளர்ந்தவள். பொறியியல் படித்துவிட்டு, செனாயில் பிளாஸ்டிக் மூடிகள் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பகுதியில் இருக்கிறேன். கியூசி என்பார்கள். மோல்டிங் பகுதியில் இயந்திரங்களின் சூட்டில் நாற்பது பேர் நின்றுகொண்டே மூடிகளை எடுத்து அடுக்குவார்கள். நாங்கள் எட்டுப் பேர், எப்போதும் இருபத்து மூன்று பாகையில் குளிர்ந்திருக்கும் ஓர் அறையில் உட்கார்ந்து, அந்த மூடிகளை அளந்து தீர்ப்புச் சொல்வோம். நல்லதாக இருந்தால் ஓகே. இல்லையென்றால் என்ஜி, அதாவது 'நோ குட்'. எங்கள் தொழிற்சாலையில் மலாய்க்காரர், சீனர், தமிழர், நேப்பாளி எல்லோருக்கும் பொதுவான மொழி ஒன்று உண்டென்றால் அது இந்த இரண்டு சொற்கள்தான். சாம்பாரில் உப்புக் கூடினாலும் என்ஜி. மாப்பிள்ளைக்கு வேலை இல்லையென்றாலும் என்ஜி.

எங்கள் அறைச் சுவரில் மேனேஜர் தன் கையால் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிய தாள் ஒன்று இருக்கிறது. 'சந்தேகம் என்றால் என்ஜி.' ஒரு மூடியைப் பார்க்கும்போது கீறலா, தூசியா என்று தெரியவில்லையா, யோசிக்காதே, சிவப்புத் தட்டில் போடு. ஒரு மூடி வீணாவது, வாடிக்கையாளர் திட்டுவதைவிட மேல். நான்கு ஆண்டுகளாக நாளுக்கு அறுநூறு தடவை இதைச் செய்கிறேன்.

ஆண்டுதோறும் பகுதிகளுக்கு இடையே பூப்பந்து, அதாவது பேட்மிண்டன், போட்டி நடக்கும். ஐந்து ஆட்டங்கள். வெல்லும் பகுதிக்குக் கோப்பை ஒன்று உண்டு. ஆனால் கோப்பைக்காக யாரும் வியர்வை சிந்துவதில்லை. வெல்லும் பகுதி, அடுத்த ஓராண்டுக்குத் தன் சாப்பாட்டு நேரத்தைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அதற்குத்தான் அடிதடி.

எங்கள் கேன்டீனில் மூன்று பந்தி: பதினொன்றே முக்கால், பன்னிரண்டரை, ஒன்றேகால். கேன்டீன் நடத்தும் மலாய் அம்மாளை நாங்கள் மக்சிக் என்போம். அவர் பொரிக்கும் கோழிக்கு ஜொகூர் முழுவதும் ஈடு கிடையாது. எவ்வளவு பொரித்தாலும் பன்னிரண்டரைக்கு மேல் தட்டில் எண்ணெய் மட்டும் மின்னும். இரண்டாம் பந்தியில் இருந்த எங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தால் இறக்கை. மூன்றாம் பந்தியில் இருந்த மோல்டிங்குக்கு எப்போதும் பயத்தங்காய்.

இறுதிப் போட்டி எங்களுக்கும் மோல்டிங்குக்கும். தொழிற்சாலையில் மற்ற எல்லாப் பகுதிகளும் எங்கள் பக்கம். எங்கள் மேல் பாசம் ஒன்றும் இல்லை. மோல்டிங்கின் நாற்பது பேர் முதல் பந்திக்குப் போனால் மற்றவர்களுக்கு எலும்புகூட மிஞ்சாது என்ற கணக்கு.

எங்கள் மேனேஜர் மட்டையைப் பிடித்தே பார்க்காதவர். ஆனால் திங்கட்கிழமைக் கூட்டங்களில் மோல்டிங் மேனேஜரிடம் கேலி வாங்கி வாங்கி நொந்திருந்தார். போட்டிக்கு முந்தைய நாள் என்னைக் கூப்பிட்டார்.

"இது சும்மா வெளாட்டு இல்லம்மா. டிபார்ட்மெண்ட் மானம்."

"சரி பாஸ்."

"ப்ளான் இருக்கா?"

இருந்தது. எனக்குப் பட்டியல் போடாமல் பல் துலக்கக்கூட வராது. பெண்கள் இரட்டையர் ஆட்டத்தில் என் எதிரி மோல்டிங் லைன் லீடர் அக்கா. நாற்பது வயதைத் தாண்டியவர், கூலாயிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார், மட்டையின் பிடியில் இயந்திரத்துக்குச் சுற்றும் நீல டேப்பைச் சுற்றியிருப்பார். அவரது ஆட்டத்தைப் பற்றி நான் பதினேழு குறிப்புகள் எழுதியிருந்தேன். முதல் குறிப்பு: ஓட மாட்டார். இரண்டாவது: ஓட வேண்டிய தேவை அவருக்கு வராது. மீதிப் பதினைந்தும் இந்த இரண்டாவது குறிப்பை என்ன செய்வது என்பதைப் பற்றியவை.

சனிக்கிழமை காலை, மேனேஜர் எங்களுக்குப் பச்சை டீசட்டை கொடுத்தார். முதுகில் 'ஸீரோ டிஃபெக்ட்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்ததைத் தரக்கட்டுப்பாட்டுக்காரர்கள் எட்டுப் பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. மோல்டிங் அக்காதான் கவனித்தார்.

"என்னா கியூசி மேடம், சட்டையே என்ஜியா இருக்கு?"

வேலை நேரத்தில் கோபமாக இருந்தால் நான் அவருக்குக் கியூசி மேடம். மற்ற நேரத்தில் தங்கச்சி. அன்று காலையிலேயே மேடம்.

ஆட்டத்துக்கு முன் எச்.ஆர். பெண்மணி விதிகளை வாசித்தார். கோட்டைப் பார்க்கத் தனி ஆள் கிடையாது. பந்து யார் பக்கம் விழுகிறதோ அவர்களே உள்ளே, வெளியே என்று சொல்ல வேண்டும். சந்தேகமாக இருந்தால் பாயிண்ட் எதிரணிக்கு. இது நான் பள்ளியில் ஆடிய காலத்திலிருந்து அறிந்த வழக்கம்தான். எல்லோரும் தலையாட்டினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினேன்.

நான்கு ஆட்டங்கள் முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது, கடைசி, எங்களுடையது. முதல் செட் அவர்களுக்கு, இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவதில் இருபதுக்குப் பத்தொன்பது என்று நாங்கள் முன்னால். ஒரு பாயிண்ட் போதும். என் ஜோடி, எங்கள் அறையில் எனக்கு எதிர் மேசைக்காரி, மலாய்ப் பெண். நாங்கள் இருவரும் அதற்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு நெற்றியில்கூட ஈரம் இல்லை.

அக்கா ஒரு பந்தை உயரமாகத் தூக்கினார். அது எங்கள் பின்கோட்டின் இடது மூலையை நோக்கிப் போனது. நான் என் ஜோடி எடுப்பாள் என்று விட்டேன். அவள் நான் எடுப்பேன் என்று விட்டாள். கடைசி நொடியில் இருவரும் பாய்ந்தோம், அவள் தோள் என் கண்ணை மறைத்தது. 'டொக்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தபோது பந்து கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. ஆனால் விழுந்த பந்து உருளும். எங்கே விழுந்தது என்பதை நான் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

மண்டபம் முழுவதும் என் வாயைப் பார்த்தது.

"என்ஜி" என்றேன்.

'அவுட்' என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு நொடி எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நொடி எங்கள் பக்கம் எழுந்த கூச்சலில் கூரை அதிர்ந்தது. மேனேஜர் நாற்காலி மேல் ஏறி நின்றார். தொழிற்சாலையில் உயரத்தில் ஏறுவதற்குத் தனிப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்று விதி எழுதியவர் அவர்.

அக்கா வலைக்கு அருகில் வந்தார்.

"என்ஜியா?"

"ஆமாக்கா."

"அக்கா, உள்ளதான் விழுந்துச்சு, நான் பார்த்தேன்," என்று பின்னாலிருந்து ஒரு மோல்டிங் பெண் கத்தினாள்.

அக்கா திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார். "நீ அந்தக் கோடியில ஒக்காந்து மீ கோரேங் தின்னுகிட்டு இருந்த. அவ பக்கத்துல நின்னா. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். விடு லா."

பிறகு வலைக்கு மேல் கையை நீட்டினார். நான் குலுக்கினேன். அவர் கை காய்ந்திருந்தது, என் கை நனைந்திருந்தது.

எங்கள் துறையில் ஒரு தவறு நடந்தால் 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்டு வேரைக் கண்டுபிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என் வாடகை அறையில் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன். ஏன் என்ஜி என்றாய்? பந்து வெளியே விழுந்ததால். விழுந்ததைப் பார்த்தாயா? இல்லை. பார்க்காமல் ஏன் சொன்னாய்? சந்தேகமாக இருந்தது, சந்தேகம் என்றால் என்ஜி. அது மூடிகளுக்கான விதி, பந்துக்கு ஏன்? பழக்கதோஷம். இங்கே நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஐந்தாவது ஏன் மீதி இருந்தது. பழக்கதோஷம் என்றால், அடுத்த நொடியே ஏன் மாற்றிச் சொல்லவில்லை?

அதற்குப் பதில் எழுதாமல் நோட்டை மூடிவிட்டு அம்மாவுக்குப் போன் செய்து ஜெயித்ததைச் சொன்னேன். "சாப்பாட்டுக்கா இவ்ளோ சண்டை? நான் வேணா கோழி வறுத்து பஸ்ல குடுத்து விடட்டுமா?" என்றார்.

திங்கட்கிழமை பதினொன்றே முக்காலுக்கு நாங்கள் எட்டுப் பேரும் ஊர்வலம்போல் கேன்டீனுக்குப் போனோம். மக்சிக் எனக்குத் தொடைத் துண்டாகப் பொறுக்கி வைத்தார். சூடாக, மஞ்சள் தூக்கலாக, தோல் முறுமுறுவென்று இருந்தது. குறை சொல்ல முடியாத கோழி. ஒன்றரை மணிக்கு, தண்ணீர் எடுக்கும் சாக்கில் மறுபடியும் கேன்டீன் பக்கம் போனேன். நாற்பது பேரும் பயத்தங்காயைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அதில் கோபமே இல்லை. கோபமாக இருந்திருந்தால் நான் அன்று நன்றாகத் தூங்கியிருப்பேன்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் கோழி. வியாழக்கிழமை பாதியில் வைத்துவிட்டேன். என் ஜோடி, "அலமாக், உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று மலாயில் கேட்டுவிட்டு மீதியைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டாள். அவளும் அந்தப் பந்தைப் பார்க்கவில்லை. ஆனால் சொன்னது அவள் வாய் அல்ல.

வெள்ளிக்கிழமை மாலை எனக்கு ஒன்று தோன்றியது. ஒரு மூடியில் சந்தேகம் வந்தால் என்ஜி, சரி. ஆனால் மூடியை அளக்கும் கருவியிலேயே சந்தேகம் வந்தால்? அதற்கு வேறு விதி இருக்கிறது. அந்தக் கருவி ஓகே சொல்லி அனுப்பிய எல்லாவற்றின் மேலும் மஞ்சள் நிற ஹோல்ட் சீட்டு ஒட்ட வேண்டும். முடிவு தெரியும்வரை யாரும் தொடக் கூடாது.

அன்றைக்கு அளந்த கருவி நான்.

எல்லோரும் போன பிறகு வரவேற்பறைக்குப் போனேன். கண்ணாடி அலமாரியில் கோப்பை பளபளவென்று இருந்தது. ஹோல்ட் சீட்டை எடுத்து ஒழுங்காக நிரப்பினேன். பொருள்: கோப்பை, ஒன்று. காரணம்: அளவுக் கருவியில் ஐயம். கண்டுபிடித்தவர்: என் பெயர், பணியாளர் எண். கோப்பையின் வயிற்றில் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் என் மேசைக்கு வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். அவர் கத்தினால் பயமில்லை, தாழ்த்தினால்தான் பயம்.

"என்னம்மா இது?"

"ஹோல்ட், பாஸ்."

"அது தெரியுது. வியாழக்கிழமை கஸ்டமர் ஆடிட் வராங்க. அவங்க உள்ள நொழஞ்சதும் மொதல்ல பாக்குறது அந்த அலமாரி. எடுத்துடு."

"எடுக்க முடியாது பாஸ். ஃபாரம் குளோஸ் பண்ணாம ஹோல்ட் சீட்டை யாரும் எடுக்கக் கூடாது. நீங்க எழுதின ரூல். ஒட்டுனவங்களும் அந்தப் பொருளுக்குச் சம்பந்தப்பட்ட லைன் லீடரும் சைன் பண்ணணும்."

"எந்த லைன் லீடர்?"

நான் மோல்டிங் பக்கம் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். பந்து, தோள், 'டொக்', ஐந்தாவது ஏன் உட்பட. அவர் சுவரில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, ஒரு வாரமா கோழி நல்லாத்தான இருந்துச்சு?" என்றார் பாவமாக.

"ரொம்ப நல்லா இருந்துச்சு பாஸ்."

"சரி. போய்க் கேளு. ஆடிட்டுக்கு முன்னாடி குளோஸ் ஆகணும்."

கேட்பதற்கு எனக்கு இன்னும் ஒரு நாள் தேவைப்பட்டது. செவ்வாய்க்கிழமை மோல்டிங்கில் அக்கா இயந்திரத்தின் முன்னால் நின்று, சூடான மூடிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான் ஃபாரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, அன்னைக்கு அந்தக் கடைசிப் பந்து..."

"எந்தப் பந்து?"

"ஃபைனல்ல. நான் சரியாப் பார்க்கலக்கா."

அவர் கை நிற்கவில்லை. மூன்று மூடிகள் அடுக்கினார். நான் எண்ணினேன்.

"பத்து நாளா நாங்க பயத்தங்காய் திங்கறோம். இப்ப வந்து பார்க்கலங்குற."

"சாரிக்கா. நீங்கதான் ஜெயிச்சீங்கன்னு எழுதிக் குடுத்துடறேன்."

"அது உனக்குத் தெரியுமா? உள்ளதான் விழுந்துச்சுன்னு?"

"தெரியாது."

"அப்பறம்? அன்னைக்குத் தெரியாம என்ஜின்ன. இன்னைக்குத் தெரியாம ஓகேங்குற." இப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்க மேடம். நீ என்ஜி சொன்னதுல எனக்குக் கோபம் இல்ல. போன மாசம் எங்க லைன்ல முந்நூறு மூடி என்ஜின்னு தூக்கிப் போட்ட. ஒன்ன நல்லாத் திட்டினேன். அப்பறம் ஒக்காந்து ஒண்ணொண்ணாப் பார்த்தேன். எல்லாத்துலயும் கீறல். அன்னையிலருந்து நீ என்ஜின்னா நான் திரும்பப் பார்க்கறது இல்ல. அந்தப் பந்தையும் அப்படித்தான் விட்டேன். இனிமே நீ போடற ஒவ்வொரு மூடியையும் நான் ரெண்டு தடவ பார்க்கணும். எனக்கு அதுக்கெல்லாம் நேரம் இல்ல."

நாற்பது பேருடைய கோழியைப் பற்றித்தான் நான் பத்து நாளாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். போனது அது மட்டும் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. இந்தத் தொழிற்சாலையில் நான் செய்வதே ஒரு சொல் சொல்வதுதான். அதை யாரும் நம்பாவிட்டால் எனக்கு அங்கே வேலை இல்லை, குளிரூட்டி மட்டும்தான் இருக்கிறது.

"நான் என்னக்கா செய்யணும்?"

அவர் ஃபாரத்தை வாங்கிப் பார்த்தார். கீழே மூன்று கட்டங்கள் உண்டு: பயன்படுத்தலாம், சரிசெய்ய வேண்டும், அழிக்க வேண்டும். நடுக் கட்டத்தில் எண்ணெய்க் கையால் ஒரு டிக் போட்டார்.

"இருபதுக்கு இருபது. அங்கருந்து ஆடுவோம். இனாமாக் குடுத்தா அந்தக் கோழி எறங்காது."

பின்னாலிருந்து அன்று கத்திய அதே மீ கோரேங் பெண், "எங்களுக்கு எறங்கும்க்கா," என்றாள்.

"ஒனக்கு எறங்கும். எனக்கு எறங்காது. வேலயப் பாரு."

புதன்கிழமை ஒன்றேகாலுக்கு, மூன்றாம் பந்தி நேரத்தில், லாரிகளில் சரக்கு ஏற்றும் கூரையிட்ட இடத்தில் ஆடுவது என்று முடிவானது. ஆடுகளத்தை நானே அளந்து, சாக்கட்டியால் கோடு போட்டேன். நீளம் பதின்மூன்று புள்ளி நான்கு மீட்டர், அகலம் ஆறு புள்ளி ஒன்று. மூலைவிட்டத்தையும் அளந்து சரிபார்த்தேன். மேனேஜர் வந்து, என் அளவு நாடாவின் சோதனைச் சீட்டு காலாவதி ஆகவில்லையே என்று பார்த்துவிட்டுப் போனார். இரண்டு பாயிண்டுக்காக இவ்வளவு ஏற்பாடு நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மோல்டிங் ஆள்கள் நாற்பது பேரும் கையில் தட்டோடு சுற்றி நின்றார்கள். தட்டில் பயத்தங்காய். மற்றப் பகுதிக்காரர்கள் தங்கள் கோழியின் எதிர்காலம் தெரிந்துகொள்ள வந்திருந்தார்கள். மக்சிக்கும் கரண்டியோடு வந்து நின்றார். ஃபோர்க்லிப்ட் ஓட்டுநர் ஒருவர், தன் வண்டி போக வேண்டிய பாதையில் நாங்கள் வலை கட்டியிருந்ததால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

இருபதுக்கு இருபது. அக்காவின் சர்வீஸ். காற்று பக்கவாட்டில் அடித்தது, பந்து நினைத்த இடத்துக்குப் போகவில்லை. என் பதினேழு குறிப்புகளில் காற்றைப் பற்றி ஒன்றும் இல்லை. இரண்டு பாயிண்ட் முந்துபவருக்கே ஆட்டம் என்பதால், இரண்டே பாயிண்டில் முடிந்துவிடும் என்று நினைத்தோம். இருபத்து ஒன்று, இருபத்து இரண்டு என்று இரு பக்கமும் மாறி மாறி ஏறிக்கொண்டே போனது.

இருபத்து ஐந்துக்கு இருபத்து ஐந்தாக இருந்தபோது என் பந்து ஒன்று அக்காவின் பக்கக் கோட்டருகே விழுந்தது. நாற்பது வாய்களும் பயத்தங்காயோடு, "என்ஜி, என்ஜி," என்றன. அக்கா குனிந்து கோட்டைப் பார்த்தார். இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார்.

"சரியாத் தெரியல. ஓகே."

பாயிண்ட் எங்களுக்கு. "அக்கா, நம்ம கோழிக்கா," என்று ஒருத்தி முனகினாள்.

"கோழி எங்கயும் ஓடல. செத்துத்தான் கெடக்கு. சும்மா இரு."

அடுத்த இரண்டு பாயிண்ட் அவர்களுக்கு. இருபத்து ஏழுக்கு இருபத்து ஆறு. இன்னும் ஒன்று எடுத்தால் அவர்கள் வென்றார்கள்.

பிறகு நடந்ததை நான் கூட்டிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அக்கா ஒரு பந்தை உயரமாகத் தூக்கினார். அது எங்கள் பின்கோட்டின் இடது மூலைக்குப் போனது. இந்த முறை நான், "என்னுது," என்று கத்திக்கொண்டே ஓடினேன். காற்று பந்தைத் தள்ளியது, மட்டை எட்டவில்லை. 'டொக்.' கண் முன்னால்தான் விழுந்தது. வெளியே விழுந்ததுபோல் இருந்தது. கோட்டின் விளிம்பில் பட்டதுபோலவும் இருந்தது. வெளியே என்பதற்கு அறுபது பங்கு, உள்ளே என்பதற்கு நாற்பது பங்கு. மேனேஜர் எனக்கு நேர் பின்னால் நின்றார்.

"பார்த்துச் சொல்லும்மா," என்றார் மெதுவாக.

"பார்த்துட்டேன் பாஸ்." வாய் பழக்கத்தில் 'எ'-வுக்குத் திறந்துவிட்டது. அதை மூடி, மறுபடியும் திறந்தேன். "சந்தேகம். அதனால ஓகே."

இருபத்து எட்டு, இருபத்து ஆறு. தட்டுகள் பறந்தன. பயத்தங்காய் என் தோளிலும் கொஞ்சம் விழுந்தது.

மேனேஜர் என் சட்டைப் பையிலிருந்த அளவு நாடாவையே பார்த்தார். "சாக்கட்டிக் கோடுதான, தடம் இருக்கும். அளந்து பார்த்துடலாமா?" என்று கேட்டு அவர் வாய் மூடவில்லை, பொறுமையிழந்த ஃபோர்க்லிப்ட் ஓட்டுநர் வலையைத் தானே அவிழ்த்துவிட்டு, அந்த மூலையின் மேலேயே வண்டியை ஏற்றிப் போய்விட்டார். கோடும் போனது, தடமும் போனது. அந்த இரண்டு பந்துகளும் எங்கே விழுந்தன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எதையும் அளக்காமல் விட்டுப் பழக்கமில்லாத எனக்கு அன்று அது பெரிய நிம்மதியாக இருந்தது.

அக்கா ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். மஞ்சள் சீட்டை உரித்துக் கோப்பையை அவரிடம் கொடுத்தேன். ஆடிட்டுக்கு வந்தவர்கள் வெறும் அலமாரியைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்கள்.

அடுத்த திங்கட்கிழமை முதல் மோல்டிங் முதல் பந்திக்குப் போனது. மற்ற பகுதிக்காரர்கள் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. எங்கள் பழைய இரண்டாம் பந்தியில் அதற்குள் வேறு பகுதி உட்கார்ந்துவிட்டதால், எங்களுக்கு மீதமிருந்தது மூன்றாம் பந்திதான். முதல் நாள் கேன்டீனுக்குப் போனபோது, பயத்தங்காய்த் தட்டுக்குப் பக்கத்தில், மூடிகளின் மாதிரி போட்டு வைக்கும் பிளாஸ்டிக் பை ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு கோழித் தொடை. பையின் மேல் மஞ்சள் ஹோல்ட் சீட்டு, ஒழுங்காக நிரப்பி, அக்காவின் கையெழுத்தோடு. காரணம் என்ற இடத்தில் என் பெயர் எழுதியிருந்தது. மேனேஜர் அதையே ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஹோல்ட் சீட்டு ஒட்டியதை அவர் தொட முடியாது. பாதியைப் பிய்த்துக் கொடுத்தேன். அந்த ஒரு நாள்தான். மறுநாளிலிருந்து பயத்தங்காய்.

ஆனால் நான் காத்திருந்தது கோழிக்கு இல்லை. இரண்டு வாரம் கழித்து, மோல்டிங்கிலிருந்து வந்த ஒரு தட்டு மூடிகளில் பன்னிரண்டு எனக்குச் சரியாகப் படவில்லை. சிவப்புத் தட்டில் போட்டுக்கொண்டு நானே அக்காவிடம் போனேன்.

"பன்னெண்டு என்ஜிக்கா."

அக்கா தட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "என்ஜியா? சரி தங்கச்சி, அங்க வெச்சிட்டுப் போ," என்று சொல்லிவிட்டு அடுத்த மூடியை எடுத்தார்.

எங்கள் அறைச் சுவரில் இருந்த தாளில், மேனேஜரின் எழுத்துக்குக் கீழே, நான் சின்னதாக 'மூடிகளுக்கு மட்டும்' என்று எழுதி வைத்தேன். அவர் பார்த்தார், அழிக்கவில்லை. சந்தேகமான மூடியைச் சிவப்புத் தட்டில் போட என் கை இன்றும் தயங்குவதில்லை, ஆனால் ஒரு மனிதரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் அந்தப் பின்கோட்டின் இடது மூலை கண்ணில் வந்து நிற்கிறது. நான் அதைப் பார்த்தேனா, இல்லையா என்று ஒரு நொடி என்னையே கேட்டுக்கொள்கிறேன்.